முன்றிலும் வாடகையும்

இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் முதலில் சொல்வது 'முன்றில்' என்னும் சொல்லே. இல்முன் என நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி முன்றில் என வழங்குகிறது என்று விளக்கிவிட்டு, ஆசிரியரும் புறநகருக்குப் போய்விடுகிறார். அச்சொல் குறிக்கும் இடத்தைப் பற்றிப் பேச வகுப்பில் நேரம் வாய்ப்பதில்லை. குறுந்தொகையில் மனைக்குருவி உலரும் தானியத்தைக் கொத்தித் தின்பது முன்றிலில்தான். விருந்தினர் வந்து நிற்பதும் அங்கேதான். முன்றில் உள்ளும் அன்று, புறமும் அன்று. வீட்டுக்காரனுக்கு உரியது, ஆயினும் வழிப்போக்கனுக்கும் குருவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஊர் வழக்கம் வரையறுத்தது. நகரம் பெருகி, வீடு கடையாகி, கடை அலுவலகக் கட்டடமான பின், அதை வரையறுக்கும் பொறுப்புச் சட்டத்திற்கும் வாடகைக்கும் வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றைச் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம்.

ஃபேரர் பார்க் என்பது முதலில் குதிரைப் பந்தயத் திடல். 1843-இல் அங்கே முதற்பந்தயம் ஓடிற்று. 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறிற்று. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் அதன் நினைவாக எஞ்சியது. 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரரின் பெயரைத் திடல் பெற்றது. 1942 பிப்ரவரியில், சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் இங்கேதான் ஒன்றுகூட்டப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து விழுந்தது அன்றைக்கே. இவையெல்லாம் மாணவர் பாடநூல்களில் ஓரளவு அறிந்தவை. திடலை ஒட்டியோடும் சிராங்கூன் சாலையின் கட்டட முகப்புகளைப் பற்றித்தான் அவர்கள் படித்திருக்கமாட்டார்கள்.

2003-ஆம் ஆண்டு ஃபேரர் பார்க்கில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் 2009-இல் கிச்சனர் சாலையில், பழைய 'நியூ வொர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா இருந்த நிலத்தில், சிட்டி ஸ்குவேர் அங்காடி எழுந்தது. மருத்துவமனையும் தங்கும் விடுதியும் இணைந்த பெருங்கட்டடம் ஒன்று நிலையத்தின் அருகே தோன்றிற்று. சிராங்கூன் பிளாசா என்னும் பழைய கடைத்தொகுதி இடிக்கப்பட்டு, அலுவலகங்களும் மருத்துவ அறைகளும் கடைகளும் கொண்ட சென்ட்ரியம் ஸ்குவேர் அவ்விடத்தில் வந்தது. இத்தகைய கட்டடங்களுக்குள் நுழைபவர் முதலில் காண்பது ஒரு முகப்புக் கூடம். உயர்ந்த கூரை, பளபளக்கும் கல்தரை, வரவேற்பு மேசை, சுவரில் ஓவியம், குளிர்ந்த காற்று. சில ஆண்டுகள் சென்றதும் கட்டட உரிமையாளர் அக்கூடத்தை உடைத்துப் புதுப்பிக்கிறார். மேலேயுள்ள அறைகளில் ஒரு செங்கல்லையும் அசைப்பதில்லை; கூடத்துக்கு மட்டும் பெருஞ்செலவு செய்கிறார். ஏன்?

காரணம் கணக்கில் இருக்கிறது. முகப்புக் கூடத்தின் ஒரு சதுர அடியையும் எவருக்கும் வாடகைக்கு விட முடியாது. ஆயினும் மேலேயுள்ள ஒவ்வொரு சதுர அடியின் வாடகையையும் உயர்த்துவது அதுவே. வாடகைதாரர் தம் அறையைத் தாமே அழகு செய்துகொள்வார். பொதுவிடத்தை அவரால் மாற்ற இயலாது. தம்மைத் தேடி வருவோர் முதலில் காண்பது பொதுவிடத்தைத்தான் என்பதால், வாடகை பேசும்போது அவர் கண் அங்கேயே நிற்கும். ஆகவே புதிய வாடகைதாரரை ஈர்க்கவும், பழையவரைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகாமல் நிறுத்தவும் கூடம் புதுப்பிக்கப்படுகிறது.

இந்த வழக்கம் மின்தூக்கியோடு பிறந்தது எனலாம். மின்தூக்கி வருமுன் கீழ்த்தளத்துக்கே மதிப்பு மிகுதி. மாடி ஏற ஏற வாடகை இறங்கும். ஏறுவது எளிதானபின் காற்றும் வெளிச்சமும் உள்ள மேல்தளங்கள் விலை உயர்ந்தன. எல்லாத் தளத்தாரும் ஒரே வாயிலில் கூடி மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடம் தேவைப்பட்டது. அவ்விடமே கூடமாயிற்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1888-இல் எழுந்த 'ரூக்கரி' என்னும் அலுவலகக் கட்டடம் இதற்குப் பேர்பெற்ற சான்று. பர்னம், ரூட் என்னும் இருவர் அதனைக் கண்ணாடிக் கூரையின்கீழ் இரும்பு வேலைப்பாடுகள் நிறைந்த நடுக்கூடத்தோடு கட்டினர். இருபதாண்டு கழியுமுன்னரே அவ்விரும்பு வேலை பழம்பாணியாகத் தோன்றிற்று. புதிய கட்டடங்கள் சுற்றிலும் போட்டிக்கு எழுந்தன. 1905-இல் ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞரை அழைத்துக் கூடத்தைப் புதுப்பிக்கும் பணியை ஒப்படைத்தனர். அவர் இருண்ட இரும்பை வெண்பளிங்கால் போர்த்திப் பொன்வரிகள் தீட்டினார். உலகெங்கும் இன்று நடக்கும் கூடப் புதுப்பிப்புகளுக்கெல்லாம் அது மூத்தது எனச் சொன்னால் மிகையாகாது.

சிக்காகோவில் ரூக்கரி எழுந்த அதே 1888-இல் சிங்கப்பூரில் கடைமுகப்பின்பொருட்டுக் கலகம் மூண்டது. அதை அறிய இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1822-இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்கு விடுத்த ஆணைகளுள் ஒன்று, தெருவின் இருமருங்கும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி ஒன்று விடப்பட வேண்டும், அது இடையறாது தொடர்ந்து எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது. இதுவே பின்னர் ஐந்தடி வழி எனப் பெயர் பெற்றது. மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றனர். தமிழர் பேச்சில் அது 'அஞ்சடி' ஆயிற்று. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் அதன் சிறப்பு நிழலில் மட்டும் இல்லை. நிலம் உரிமையாளருடையது, கட்டும் செலவும் அவருடையது, நடக்கும் உரிமையோ ஊராருடையது. தன் முன்றிலில் பிறர்க்கு எவ்வளவு பங்கு என்பதைத் தனிமனிதன் விருப்பத்துக்கு விடாமல் சட்டமே அடிக்கணக்கில் அளந்து சொன்னது. இவ்வழக்கம் மலாயாவின் பிற நகரங்களுக்கும் பரவிற்று.

சட்டம் அளந்ததைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டாரா? கடையின் முன் ஐந்தடி அகலத்தில் ஒரு திண்ணை கிடைக்கும்போது, அதில் மூட்டையை அடுக்காமலிருப்பது எவருக்கும் கடினமே. அரிசி மூட்டை, எண்ணெய்த் தகரம், கூடை, கட்டில், அடுப்பு எல்லாம் அங்கே வந்தன. நடப்பவர் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கி நடந்தார். பலமுறை எச்சரித்தும் பயனில்லாமற்போக, 1888 பிப்ரவரியில் நகராட்சி ஆட்களை அனுப்பி நடைவழிகளை வலிந்து அகற்றத் தொடங்கிற்று. கடைகள் அடைக்கப்பட்டன, திராம் வண்டிகள்மேல் கல் விழுந்தது. சில நாள் நகரமே முடங்கிற்று. முடிவில் இரு சாராரும் சற்று இறங்கி வந்தனர். நடப்பதற்கு வழி விட்டு, மீதியில் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்ற உடன்பாடு பிறந்தது. வரலாற்று நூல்கள் இதனை ஒரு சிறு கலகமாக இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அது நீதியன்று. நகரத்து முன்றில் யாருக்கு என்ற கேள்வியை மக்கள் தெருவில் நின்று கேட்ட நாள்கள் அவை.

அவ்வுடன்பாட்டின் பயனைச் சிராங்கூன் சாலை நெடுங்காலம் துய்த்தது. வெற்றிலைக் கடைக்குத் தனிக்கட்டடம் வேண்டியதில்லை. தூணோரம் ஒரு பெட்டி போதும். பூக்கட்டுபவர், கிளி சோதிடர், பூட்டுக்குச் சாவி செய்பவர் எனப் பலரின் பிழைப்பு அந்த ஐந்தடிக்குள் அடங்கிற்று. பெரிய கடைக்காரருக்குச் சிறு வாடகை தந்தும், தராமல் நட்பின் பேரிலும் அவர்கள் அங்கே இருந்தனர். பெருங்கட்டடங்களின் முகப்புக் கூடத்தில் ஒருநாளும் காலூன்ற முடியாதவர்கள் இவர்கள் என்பதை மறத்தலாகாது.

அக்காலத்தும் உரிமையாளர்கள் முகப்பை அழகு செய்யாமலில்லை. ஃபேரர் பார்க்கிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் பெட்டைன் சாலை வரும். முதல் உலகப் போரின் தளபதிகள், போர்க்களங்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டிக்கொண்ட தெருக்களுள் அதுவும் ஒன்று. அங்கே 1930-ஐ ஒட்டி மில்லர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த 18 வீடுகள் ஒரே தொடராக நிற்கின்றன. தூண்களிலும் முன்சுவரிலும் பூவும் கொடியும் பறவையும். பல வண்ண ஓடுகள். வணிகம் செழித்த நாளில் வாடகைக்கு வருவோரைத் தெருவிலிருந்தே கவர்ந்திழுத்த முகப்புகள் அவை. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளிலும் அஞ்சடித் தரையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு செய்தி தெரியும். ஒரு கடையின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் ஓட்டின் நிறமும் கோலமும் மாறும். சில இடங்களில் தரையே ஒரு படி ஏறும், இறங்கும். நடைவழி ஊருக்குப் பொது, தரை உரிமையாளருக்குச் சொந்தம் என்பதைக் கால் உணர்ந்துகொள்ளும்.

அலுவலகம் என்று சொல்லத்தக்க தமிழர் கட்டடம் அந்நாளில் ஃபேரர் பார்க்கில் இல்லை. அது ஆற்றுக்கு அப்பால் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்தது. தமிழர் அதனைச் செட்டித் தெரு என்றே அழைத்தனர். அங்கே நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய நீண்ட கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரு கிட்டங்கியின் கீழ்க்கூடத்தில் பல 'விலாசங்கள்' அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப்பெட்டி, சுவர் இல்லை. மேல்மாடியில் உறக்கமும் உணவும். நுட்பமாகப் பார்த்தால் கூடமே அலுவலகம்; அலுவலகமே கூடம். பளிங்கோ ஓவியமோ இல்லாத அந்த இடத்தை நாடி வாடகைதாரர் வந்ததற்குக் காரணம், ஒருவருக்கு ஒருவர் கடன் தர அஞ்சாத நம்பிக்கையும், வங்கிகள் அருகிலிருந்த வசதியுமே. கடன் கேட்டு வந்த கடைக்காரர் சாலையிலிருந்து அஞ்சடி கடந்து நேரே பாயருகில் வந்து அமர்ந்தார்.

இனி வாடகைக்கு வருவோம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிங்கப்பூரில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. உரிமையாளர் கேட்ட வாடகையை ஏழைகள் தரமுடியாமல் தெருவுக்கு வந்துவிடுவர் என்ற அச்சத்தால் 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7-க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் போருக்கு முந்திய 1939-ஆம் ஆண்டு வாடகையே அளவுகோலாயிற்று. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. நோக்கம் நல்லது, பல்லாயிரம் குடும்பங்கள் தலைக்குமேல் கூரையோடு வாழ அது துணைசெய்தது. சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளும், பலகாரக் கடைகளும், நகைப் பட்டறைகளும் தலைமுறை கடந்து அதே இடத்தில் நிலைத்ததற்கும் அச்சட்டமே பெருங்காரணம்.

ஆனால் வாடகை உயராத கட்டடத்துக்கு உரிமையாளர் ஏன் செலவு செய்யப் போகிறார்? சுவர் வெடித்தால் வெடிக்கட்டும் என்று விட்டார். வாடகைதாரரோ, பிறர் சொத்துக்கு நாம் ஏன் செலவிட வேண்டும் என்று இருந்தார். முதல் வாடகைதாரர் அறைகளைத் தடுத்துப் பலருக்கு உள்வாடகைக்கு விட்டு, உரிமையாளரைவிட மிகுதியாகப் பொருள் ஈட்டிய கதைகளும் உண்டு. கடையைக் கைமாற்றும்போது 'தேநீர்க் காசு' என்ற பெயரில் பெருந்தொகை கைமாறிற்று; உரிமையாளருக்கு அதில் ஒரு காசும் இல்லை. இவ்வாறு, ஆளும் வணிகமும் நிலைத்திருக்க முகப்பு மட்டும் பாழாயிற்று. பூவேலை உதிர்ந்தது, ஓடுகள் பெயர்ந்தன, மாடிச் சன்னல்களில் தகரம் அடிக்கப்பட்டது. தமிழகத்தாருக்கும் இது புதிதன்று. அங்கே 1960-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் சென்னையின் பழைய கடைத்தெருக்கள் இதே நிலையை அடைந்தன. 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது மாறத் தொடங்கிற்று.

சிங்கப்பூர் இருவகையில் இம்முடிச்சை அவிழ்த்தது. முதல்வகை இடிப்பு. 1969-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 'கோல்டன் ஷூ' எனப்பட்ட வணிக வட்டாரத்தில், வாடகைதாரருக்கு இழப்பீடு தந்து உரிமையாளர் கட்டடத்தை மீட்க வழிசெய்தது. வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. செட்டித் தெருவின் கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் மறைந்தன. நகரத்தார் பலர் தம் கோயில் உள்ள டேங்க் சாலைப் பக்கம் பெயர்ந்தனர். அதே தெருவில் 1984-இல் பன்மாடி வாகன நிறுத்தம் ஒன்று கட்டப்பட்டது.

இரண்டாம் வகை பாதுகாப்பு. எல்லாவற்றையும் இடித்துவிட்டால் ஊருக்கு முகமே இராது என்ற எண்ணம் 1980-களில் வலுத்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1986-இல் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. 1989 ஜூலை 7-ஆம் நாள் பத்து வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்டனவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, தமிழர் தேக்கா என அழைத்துவந்த, அரசு ஏடுகள் லிட்டில் இந்தியா என்ற வட்டாரம். ஜாலான் புசார் பகுதி 1991-இல் சேர்ந்தது. முன்சுவர், கூரை, சன்னல், மரப்படி, அஞ்சடி ஆகியவற்றைப் பழைய வடிவிலேயே செப்பனிட வேண்டும் என்பது விதி. செப்பனிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகும். அச்செலவைத் திரும்ப எடுக்க வாடகை உயர வேண்டும். ஆகவே கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 2001 ஏப்ரல் 1-ஆம் நாள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது.

முகப்புகள் மீண்டும் மலர்ந்தன. நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சன்னல்கள் ஒளிர்ந்தன. புதிய வாடகைதாரர் வந்தனர்: உணவகங்கள், தங்கும் விடுதிகள், மாடிகளில் சிறு அலுவலகங்கள். ஆனால் பாழடைந்த முகப்பின் பின்னே அரைநூற்றாண்டு இருந்தவர்களில் பலர், அழகுபெற்ற முகப்பின் பின்னே இருக்க முடியவில்லை. மாவரைக்கும் ஆலையும் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பட்டறையும் சந்தை வாடகையைத் தாங்கும் தொழில்கள் அல்ல. பாதுகாப்பு விதி தூணைக் காத்தது, தூணோரம் இருந்தவரைக் காக்கவில்லை. விதியை இயற்றியவர்களைக் குறைகூறுவது எளிது. கட்டுப்பாடு நீடித்திருந்தால் கட்டடமே வீழ்ந்திருக்கும் என்பதையும் உடன் எண்ண வேண்டும். கட்டடமும் குடியிருப்போரும் ஒருசேர நிலைக்கும் வழியை அன்று எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதே நேர்மையான கூற்று.

முகப்புக்குச் செலவிடாமலே கூட்டம் சேர்த்த கடையும் ஃபேரர் பார்க்கில் உண்டு. 1971-இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபா, 1985-இல் சிராங்கூன் பிளாசாவுக்கு வந்து, 1995-இல் சையது ஆல்வி சாலையில் பேரங்காடியாயிற்று. அங்கே கூடம் என்று ஒன்று தேடினால் கிடைக்காது. வாயிலிலிருந்தே பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். தானே உரிமையாளர், தானே வாடகைதாரர் என்றால் யாரை ஈர்க்கப் பளிங்கு பதிக்க வேண்டும்? இதற்கு நேர்மாறாக, வாடகையே இல்லாத இடத்தில் எழுந்த முகப்பும் உண்டு. சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலின் இராச கோபுரம் 1966-இல் எழுந்தது. அச்சாலையில் கடைகள் வைத்து வளர்ந்த வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளையின் கொடை அது. 1978-இல் கோயில் தேசியச் சின்னமாயிற்று. அதே பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளமும் வெற்றிடமாக விடப்பட்டுத் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் முதியோர் சதுரங்கத்துக்கும் பயன்படுகிறது. அதை எவரும் முகப்புக் கூடம் என்று சொல்வதில்லை; எனினும் பழைய முன்றிலுக்கு நெருங்கிய உறவு அதுவே.

செட்டித் தெருவின் வாகன நிறுத்தம் 2017-இல் மூடி இடிக்கப்பட்டது. 2021-இல் அங்கே 280 மீட்டர் உயரத்தில் 51 தளங்களோடு கேப்பிட்டாஸ்பிரிங் என்னும் கோபுரம் நிறைவுற்றது. அதன் அடியில் சுவரின்றித் திறந்த உயரமான கூடம் ஒன்றை விட்டுள்ளனர். தெருவில் நடப்போர் உள்ளே புகுந்து மறுபுறம் செல்லலாம். மேல்தளங்களுக்கு வாடகைதாரரை ஈர்ப்பதற்கு இன்று இப்படிப்பட்ட திறந்த கூடமே உதவுகிறது என்று கட்டடக்காரர் கணக்கிடுகின்றனர். ராஃபிள்ஸ் ஆணையிட்டுப் பெற்றதை அவர்கள் வாடகையை எண்ணித் தாமே தருகின்றனர். ஆயினும் அக்கூடத்தில் வெற்றிலைப் பெட்டி வைக்க இடம் இல்லை. சிராங்கூன் சாலை அஞ்சடியில் மாலை தொடுப்பவர் இன்னும் சிலர் உளர். புதுப்பித்த ஓட்டுத்தரையில், நடப்பவருக்கு வழி விட்டு, தூணோரம் அமர்ந்து மல்லிகையை அடிக்கணக்கில் அளந்து விற்கின்றனர்.